நாகசுரம் மேடை ஏறிய வரலாறு



என் இளமைக் காலத்தில் வைகறையில் வானொலிப் பெட்டியைத் திருப்பினால், முதலில் காதில் விழுவது நாகசுரத்தின் மங்கல இசையாகும். அது ஒலிக்கும்போது தாயார் வாசல் தெளிப்பார். தந்தையார் கிணற்றடியில் பல் துலக்குவார். நான் புத்தகப் பையைத் தேடிக்கொண்டிருப்பேன். அந்த இசை எங்கள் காதில் விழுந்ததா என்றால், விழுந்தது. நாங்கள் அதனைக் கவனித்தோமா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். பொழுது புலர்ந்ததற்கு ஓர் அறிகுறியாக அதனைக் கொண்டோமேயன்றி, ஒரு கலைஞர் தம் மூச்சையெல்லாம் திரட்டி நம்மோடு பேசுகின்றார் என்று எண்ணினோமில்லை.

இது எங்கள் வீட்டிற்கு மட்டும் உரிய குறையன்று. கோயிலிலும் திருமணத்திலும் நாகசுரம் ஒலிக்க வேண்டும் என்று விரும்பிய நம் சமுதாயம், அதன் முன்னே அமர்ந்து கேட்க நெடுங்காலம் கற்றுக்கொள்ளவில்லை. ஒலித்தாற் போதும் என்றிருந்த ஒரு கருவி, அமர்ந்து கேட்பதற்குரிய கருவியாக எவ்வாறு உயர்ந்தது என்பதே இன்று நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் வரலாறு.

மேலை நாட்டு இசையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டோடு தொடங்குவோம். அங்கே ‘கன்செர்ட்டோ’ என்பது ஒருவகை இசை அமைப்பு. ஒரு பெரிய வாத்தியக் குழுவுக்கு முன்னே ஒரே ஒரு கலைஞர் நின்று, குழுவோடு இணைந்தும் எதிர்த்தும் வாசிப்பார். டென்மார்க்கு நாட்டின் இசைப் பெரியார் கார்ல் நீல்சன் 1928-ஆம் ஆண்டில் கிளாரினெட்டு என்னும் ஊதுகருவிக்காக இத்தகைய கன்செர்ட்டோ ஒன்றை இயற்றினார். ஆகே ஆக்சன்வாட் என்ற கலைஞரை மனத்திற் கொண்டு எழுதப்பட்ட அந்தப் படைப்பு, வாசிப்பதற்கு மிகக் கடினமானது என்று இன்றும் கிளாரினெட்டுக் கலைஞர்களால் மதிக்கப்படுகின்றது. இடைநிறுத்தம் இன்றி ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம் அது தொடரும். அதில் ஒரு புதுமை உண்டு. சிறுபறை ஒன்று அடிக்கடி குறுக்கிட்டு, கிளாரினெட்டோடு வாதாடுவதுபோல் முழங்கும். ஊதுகருவி அதற்கு விடையிறுத்துக்கொண்டே செல்லும்.

ஊதுகருவிக்கும் பறைக்கும் நிகழும் இந்த வாதம் மேலை நாட்டாருக்குப் புதுமையாயிருக்கலாம். நாகசுரமும் தவிலும் கேட்டு வளர்ந்த தமிழருக்கு இதிலே வியப்பென்ன இருக்கின்றது? ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. நீல்சன் எழுதிய ஒவ்வொரு சுரமும் தாளில் இருக்கின்றது. நம் நாகசுர வித்துவான் இராக ஆலாபனை செய்யும்போது அவர் முன்னே தாள் இல்லை. இசையை ஆக்குபவரும் அவரே, வாசிப்பவரும் அவரே. எத்தனை நாழிகை வாசிப்பார் என்பது அவருக்கே முன்கூட்டித் தெரியாது. அக்கலைஞரோடு அந்த இரவின் இசையும் முடிந்துவிடும். கேட்டவர் நெஞ்சிலன்றி வேறெங்கும் அது எழுதப்படுவதில்லை.

கருவியின் அமைப்பை அறிந்தாலன்றி அதனை வாசிப்பதன் அருமை விளங்காது. நாகசுரத்தை மக்கள் நாதசுரம் என்றும் வழங்குவர். அதன் உடலாகிய நீண்ட குழலுக்கு உலவு என்று பெயர். அது மேலே குறுகிக் கீழே வரவர அகலும். ஆச்சா மரத்தில் கடைந்து செய்யப்படும். அடியில் விரிந்த மலர்போல் பொருத்தப்படுவது அணசு. உச்சியில் கெண்டை என்னும் சிறு உலோகக் குழாய் செருகப்பட்டிருக்கும். அதன்மேல் சீவாளி அமர்ந்திருக்கும். நாணல் இனத்தைச் சேர்ந்த கொருக்கைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்யப்படும் இந்தச் சீவாளியின் இரண்டு மெல்லிய இதழ்கள் மூச்சுக் காற்றில் அதிர்வதனாலேயே நாதம் பிறக்கின்றது. விரல் வைத்து வாசிப்பதற்கு ஏழு துளைகள் உண்டு.

கிளாரினெட்டில் உலோகச் சாவிகள் பல உண்டு. சாவியை அழுத்தினால் உரிய சுரம் பிறக்க அவை துணை செய்யும். நாகசுரத்தில் அத்தகைய துணை யாதும் இல்லை. ஒரே துளையிலிருந்து மூச்சின் அழுத்தத்தாலும் உதட்டின் பிடியாலும் விரலைப் பாதி திறப்பதாலும் வெவ்வேறு சுரங்களைப் பிறப்பிக்க வேண்டும். நம் இசையின் உயிராகிய கமகங்கள் அனைத்தும் இவ்வாறே பிறக்கின்றன. நாவினால் ‘து’ என்று தட்டிச் சுரங்களைப் பிரித்துக் காட்டுவதைத் துத்துக்காரம் என்பர். மூச்சு, உதடு, நா, விரல் என்னும் நான்கும் ஒருங்கே பணி செய்ய வேண்டும். ஒன்று பிசகினாலும் சுருதி கலையும். சீவாளியோ ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஏற்ப மாறும் இயல்புடையது. ஆதலால், வித்துவானின் கருவியில் மாற்றுச் சீவாளிகள் சில நூலிற் கட்டித் தொங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவை அழகுக்காகத் தொங்குவன என்று நான் சிறுவனாயிருந்தபோது எண்ணினேன். அவை போருக்குச் செல்லும் வீரனின் அம்பறாத்தூணி என்பது பின்னரே விளங்கிற்று.

ஊதுகருவி வாசிப்பவரை நம் முன்னோர் எளியவராகக் கருதவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலாசிரியன், இசையாசிரியன், முழவாசிரியன் ஆகியோரோடு குழலாசிரியனுக்கும் இன்னின்ன தகுதிகள் வேண்டும் என்று விரித்துரைக்கின்றது. அத்தகைய நாட்டில் பிற்காலத்தே ஊதுகருவிக் கலைஞரின் நிலை தாழ்ந்தமை வருந்தத்தக்கது.

இனி, நாகசுரம் வளர்ந்த இடத்தைக் காண்போம். அது திருவீதியில் வளர்ந்த இசை. உற்சவ மூர்த்தி கோயிலினின்று எழுந்தருளும்போது முதலில் வாசிக்கப்படுவது மல்லாரி. இது கம்பீர நாட்டை இராகத்தில் அமைவது. இதற்குச் சாகித்தியம், அதாவது பாடற் சொற்கள் இல்லை. ஒரே இசைத்தொடரைப் பல காலங்களில், மெதுவாகவும் விரைவாகவும், தாளம் பிசகாமல் வாசிக்க வேண்டும். தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்திற்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒரு மல்லாரி என்று நிகழ்ச்சிக்கேற்ப அது வேறுபடும். மாலையில் வீட்டுக்குள் இருப்பவரும் மல்லாரியைக் கேட்டவுடன் சுவாமி புறப்பட்டுவிட்டார் என்று அறிந்துகொள்வர்.

மல்லாரி முடிந்து வீதிக்கு வந்தபின் இராக ஆலாபனை தொடங்கும். நான்கு வீதியையும் வலம்வர இரவு நெடுநேரம் ஆகும். அந்நேரம் முழுவதையும் இசையால் நிரப்ப வேண்டியவர் நாகசுரக்காரர் ஒருவரே. ஓரிராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசிக்கும் ஆற்றல் நம் நாட்டில் தழைத்ததற்கு இந்த நீண்ட வீதிகள் ஒரு காரணமாயின. தவிலோடு சேர்ந்து, சொல்லின்றி, நுட்பமான தாளக் கணக்குகளால் அமைவதாகிய ‘ரக்தி’ என்னும் அரிய உருப்படியும் இந்தச் சூழலில் செழித்ததே. செம்பொனார்கோயில் இராமசாமிப் பிள்ளை அதில் பெரும்புகழ் பெற்றவர்.

வீதியில் வாசிப்பதற்கு உரத்த ஓசை வேண்டும். ஆகவே, அக்காலத்தில் திமிரி என்னும் குட்டையான நாகசுரமே வழங்கிற்று. அதன் சுருதி உயர்ந்தது. நான்கு கட்டைக்கும் மேலே நிற்பது. அதன் நாதம் நெடுந்தூரம் செல்லும். ஆயின், அருகில் அமர்ந்து கேட்பவர்க்குச் சற்றுக் கூர்மையாகத் தோன்றும். சுருதிக்காக ஒத்து என்னும் துணைக்கருவியை ஒருவர் இடைவிடாது ஊதிக்கொண்டிருப்பார். வித்துவான்களோ மேலாடையின்றி, துண்டை இடுப்பிற் கட்டி, நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வாசித்தல் வேண்டும் என்பது வழக்கமாயிருந்தது. பாட்டுக் கச்சேரி செய்பவர் மேடையில் அமர்ந்திருப்பார். அவரினும் கடினமான தொழிலைச் செய்பவர் வாயிலில் நிற்பார். இசையில் இருந்த வேறுபாடன்று இது. மனிதர்க்கிடையே சமுதாயம் வகுத்துவைத்த வேறுபாடு.

இந்நிலையை மாற்றியவர்களுள் தலைசிறந்தவர் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை. அவர் 1898-ஆம் ஆண்டில் திருமருகலில் பிறந்தார். அவருடைய தாய்மாமன் திருமருகல் நடேசப் பிள்ளையும் பெயர்பெற்ற நாகசுர வித்துவானே. எனினும், இராசரத்தினம் முதலில் பயின்றது வாய்ப்பாட்டு. பிடில் மேதை திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் இசை கற்று, பாட்டுக் கச்சேரியும் செய்தபின், அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாகசுரம் பயின்றார். இவ்வரிசை நினைவிற் கொள்ளத்தக்கது. குரலில் பாடுவதையெல்லாம் குழலிலும் பாட வேண்டும் என்ற வேட்கை அவருக்கு இளமையிலேயே வேரூன்றிவிட்டது. பின்னர் அவர் திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கினார்.

அவர் பெயரைச் சொன்னவுடன் இசையறிந்தோர் நெஞ்சில் எழுவது தோடி இராகம். தோடி எளிதில் வசப்படாத இராகம். அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிலையாக நிற்பதன்று. அசைந்து அசைந்து மேலுள்ள சுத்த மத்திமத்தைத் தொட்டுத் தொட்டு உயிர்பெறுவது. இங்கேதான் ஓர் இடையூறு இருந்தது. பழைய திமிரிக் கருவியில் சுத்த மத்திமம் விரலை வைத்த அளவிலே தூய்மையாகப் பிறப்பதில்லை. ஊதும் அழுத்தத்தாலும் உதட்டாலும் அதனைத் திருத்திப் பெற வேண்டியிருந்தது. மணிக்கணக்கில் தோடியை விரிப்பவர் அந்தச் சுரத்துக்காக ஒவ்வொரு முறையும் கருவியோடு போராட வேண்டும் என்றால், அது எத்தகைய உழைப்பு என்பதை எண்ணிப் பாருங்கள்.

இவ்விடையூற்றைத் தீர்த்தவர் மேடையில் அமர்ந்தவரல்லர், பட்டறையில் அமர்ந்தவர். ஆடுதுறைக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்யும் குடும்பங்கள் வாழ்கின்றன. அவ்வூர் ரங்கநாத ஆசாரி, இராசரத்தினம் பிள்ளையின் தேவையை உணர்ந்து, குழலை நீட்டி, உள்ளளவையும் துளைகளின் இடத்தையும் பலமுறை மாற்றிச் சோதித்து, சுத்த மத்திமம் இயல்பாகப் பேசும் பாரி நாகசுரத்தை உருவாக்கினார். சுருதி ஏறத்தாழ இரண்டு, இரண்டரைக் கட்டைக்குத் தாழ்ந்தது, நாதம் கனிந்தது. ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் முடிந்தது. இக்கருவிக்குப் புதிய மரம் உதவாது என்பர் அவ்வூர்க் கைவினைஞர். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல்லாண்டு உலர்ந்து முதிர்ந்த ஆச்சா மரத்தையே தேடி வாங்குவர். ஒரு தலைமுறையின் கூரையைத் தாங்கிய மரம் அடுத்த தலைமுறையின் இசையைத் தாங்குகின்றது! நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்கு 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

கருவி மாறியதுபோல் கலைஞரின் கோலமும் மாறிற்று. இராசரத்தினம் பிள்ளை குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்துக்கொண்டார். பட்டு ஜிப்பாவும் சேர்வாணியும் அணிந்தார். மேடையில் அமர்ந்தே வாசிப்பேன் என்றார். இதனைச் செருக்கு என்று பழித்தோரும் உண்டு. அவர் கேட்டது தமக்கு மட்டும் ஓர் இருக்கையன்று. நாகசுரத்திற்கு ஓர் இருக்கை. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற தவில் மேதைகள் உடன் அமர்ந்தபோது, அந்த மேடை இரண்டு மன்னர்கள் வீற்றிருக்கும் அவையாயிற்று. 1947 ஆகஸ்டு மாதத்தில் தில்லியில் நாடு விடுதலை பெற்ற வேளையில் அவருடைய நாகசுரம் ஒலித்தது. 1955-ஆம் ஆண்டில் சங்கீத நாடக அகாதெமியின் விருது அவரை அடைந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் மாதத்தில் அவர் மறைந்தார். அதே 1956-ஆம் ஆண்டில் சென்னை மியூசிக் அகாதெமி, திருவீழிமிழலை சுப்பிரமணியப் பிள்ளைக்குச் ‘சங்கீத கலாநிதி’ பட்டம் வழங்கி ஒரு நாகசுர வித்துவானைச் சிறப்பித்தது.

இவ்வெற்றியில் இசைத்தட்டுக்கும் வானொலிக்கும் பங்குண்டு. அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்திற்குச் சற்று மிகுதியாகவே சுழலும். இரவெல்லாம் விரிந்த தோடியை அந்தச் சிறு வட்டத்துக்குள் அடக்குதல் கடலைச் செம்பில் மொள்வது போன்றது. ஆயினும் அந்தச் செம்பு, கோயில் வீதியையே காணாத ஊர்களுக்கும் சென்றது. சென்னை நகராண்மைக் கழகம் 1930-ஆம் ஆண்டில் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கிற்று. 1938 ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. பூங்காக்களில் அமைந்த ஒலிபெருக்கிகளின் கீழே மக்கள் திரண்டு நின்று இசை கேட்டனர். வானொலியில் வித்துவானின் உடையும் தெரியாது; அவர் நிற்கின்றாரா, இருக்கின்றாரா என்பதும் தெரியாது; நாதம் ஒன்றே தெரியும். கோயிலுக்கு உள்ளே வர இயலாதவரும் வெளியே நின்றவரும் ஒரே நேரத்தில் ஒரே இசையைச் சமமாகக் கேட்டனர் என்பது சிறிய செய்தியன்று.

அவர் மறைவுக்குப் பின்னும் வழி அடைபடவில்லை. அவருடைய மாணவர் காருகுறிச்சி அருணாசலம், 1962-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து வாசித்ததைக் கேளாத தமிழர் அரியர். ஆந்திர நாட்டில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா, இசுலாமிய மரபினராயிருந்தும் கோயில் இசையில் உச்சம் எய்தி, 1998-ஆம் ஆண்டின் சங்கீத கலாநிதியானார். மதுரை பொன்னுத்தாய், ஆடவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட இக்கருவியைக் கையிலேந்திப் பெண்களுக்கு வழிகாட்டினார். நீல்சன் இசையமைத்த அதே கிளாரினெட்டை ஏ. கே. சி. நடராஜன் நம் இராகங்களுக்கு வயப்படுத்தி, 2008-ஆம் ஆண்டில் அப்பட்டத்தைப் பெற்றார். வட நாட்டில் பிஸ்மில்லா கான் ஷெனாய்க்குச் செய்ததையும் இவற்றோடு ஒப்பிட்டுக் காணலாம். திருமணத்திற்கும் வழிபாட்டிற்கும் வாசிக்கப்பட்ட அந்த ஊதுகருவியும் அவரால் மேடை ஏறிற்று. 2001-ஆம் ஆண்டில் பாரத ரத்தினம் அவரைத் தேடி வந்தது.

மாணவச் செல்வங்களே! இவ்வளவு சொன்ன நான் என் பிழை ஒன்றையும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். நான் தலைமையாசிரியனாயிருந்தபோது பள்ளி ஆண்டு விழாவிற்கு நாகசுரம் ஏற்பாடு செய்தோம். வந்தவர்கள் ஓர் இளைஞரும் அவருடைய முதிய தந்தையாரும் தவிற்காரர் ஒருவரும். பந்தலின் நுழைவாயிலில் அவர்களை நிறுத்தினோம். நாற்காலி இடவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. இளைஞர் தோடியைத் தொடங்கினார். இரண்டு மூன்று நிமிடம் சென்றிருக்கும். சிறப்பு விருந்தினரின் மோட்டார் வந்துவிட்டது என்று எவரோ கூவினர். நான் விரைந்து சென்று, கையை உயர்த்தி, “போதும், போதும், நிறுத்துங்கள்” என்றேன். இளைஞர் உடனே நிறுத்தினார். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. மகனின் சீவாளியைக் கழற்றித் துடைத்து நூலிலே தொங்கவிட்டார். விழா சிறப்பாக நடந்தது என்று எல்லோரும் பாராட்டினர். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எந்த இராகத்தை ஒரு மேதை பாடுபட்டு வாயிலிலிருந்து மேடைக்குக் கொண்டுசென்றாரோ, அந்த இராகத்தை நான் மீண்டும் வாயிலில் நிறுத்திவிட்டேன். வகுப்பில் இராசரத்தினம் பிள்ளையின் பெருமையைப் பாடமாகச் சொன்னவனும் நானே!

நான் இப்போது வாழும் சென்னீர்குப்பம், பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலையில் உள்ளது. இரவும் பகலும் வண்டிகளின் இரைச்சல் ஓய்வதில்லை. திருமண மண்டபங்களுக்கும் குறைவில்லை. முகூர்த்த நாட்களில் மாலைவேளையில் அவ்வழியே நடந்து செல்வேன். சில இடங்களில் பதிவு செய்த மங்கல இசையை இயந்திரம் பாடிக்கொண்டிருக்கும். சில இடங்களில் கலைஞர்கள் நேரில் வாசிப்பார்கள். எதிரே இருநூறு நாற்காலிகள் இருக்கும். கேட்பவர் இருவரோ மூவரோ இருப்பர். சென்ற ஆண்டு ஒரு மாலை, அத்தகைய மண்டபம் ஒன்றில் அழைப்பில்லாமலே நுழைந்து முன்வரிசையில் அமர்ந்துவிட்டேன். வாசித்தவர் என்னை ஒருமுறை பார்த்தார். அதுவரை துண்டு துண்டாகத் திரைப்பாடல்களை வாசித்துக்கொண்டிருந்தவர், சீவாளியை மாற்றிக்கொண்டு கல்யாணியை எடுத்தார். ஏறத்தாழ முப்பது நிமிடம் வாசித்தார். தவிற்காரரின் முகமும் மலர்ந்தது. பந்திக்குச் சென்றுகொண்டிருந்த சிலரும் நின்று, பின் அமர்ந்தனர். கேட்பதற்கு ஒருவர் அமர்ந்தால் கலை எவ்வாறு விரிகின்றது என்பதை அன்று நேரிற் கண்டேன்.

நூலில் எழுதப்பட்ட கன்செர்ட்டோவைக் கேட்பார் இல்லாவிடினும் தாள் காப்பாற்றும்; நூறாண்டு கழித்து ஒருவர் எடுத்து வாசிக்கலாம். நம் இராக ஆலாபனைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனைக் காப்பவர் மூவர்: கருவி செய்யும் ஆசாரி, அதனை வாசிக்கும் வித்துவான், அமர்ந்து கேட்கும் நாம். முதல் இருவர் தம் கடமையை இன்றும் செய்கின்றனர். மாவட்டங்கள் பலவற்றில் உள்ள அரசு இசைப்பள்ளிகளில் நாகசுரமும் தவிலும் கற்பிக்கப்படுகின்றன; உங்களைப் போன்ற இளைஞர்கள் அங்கே மூச்சையடக்கிப் பயில்கின்றனர். குறைந்து நிற்பது மூன்றாமவரே.

ஆகவே, உங்களிடம் நான் வேண்டுவது பெரிதன்று. அடுத்த முறை கோயிலிலோ திருமணத்திலோ நாகசுரம் ஒலிக்கும்போது, பத்து நிமிடம் எதிரே அமர்ந்து கேளுங்கள். இராகத்தின் பெயர் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. வாசித்து முடித்தபின் அவரிடமே கேளுங்கள், மகிழ்ச்சியோடு சொல்வார். உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ விழா நடத்தும் பொறுப்பு உங்களிடம் வந்தால், அவர்களுக்கு மேடையும் நாற்காலியும் தண்ணீரும் கொடுத்து, அரைமணி நேரத்தையும் ஒதுக்குங்கள். சிறப்பு விருந்தினர் முன்னரே வந்துவிட்டால், அவரையும் அமரச் சொல்லுங்கள்; அவரும் கேட்கட்டும்.